பிராங் பெசார் தோட்டத்தின் மேல் ஓர் ஏரி: புத்ராஜெயாவில் குடியேற நினைப்பவருக்கு

பேராக்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மகளுக்கு ஓர் அமைச்சில் அதிகாரியாக வேலை கிடைத்திருக்கிறது. மலேசியாவின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு வீடு எடுத்துவிடலாம் என்று மகள் ஆசைப்படுகிறாள், தகப்பனாருக்குத் தயக்கம். அது பணக்காரர் ஊரா, அந்த ஏரி தானாக உண்டானதா, முன்பு அங்கே தோட்டம் இருந்தது என்கிறார்களே அது மெய்தானா, நம்மவர்கள் கோயில் குளம் என்றால் எங்கே போவார்கள், வீட்டை வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் டிங்கில்காரன். புத்ராஜெயாவுக்குத் தெற்கே, சுற்றிலும் தோட்டங்களும் நடுவே ஒரு சந்தியும் சில கடைவரிசைகளுமாக வளர்ந்த சிறிய ஊர் எங்களுடையது. என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி லங்காட் ஆற்றிலும் அதில் வந்து சேரும் சிற்றாறுகளிலும் தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிப்பதில் கழிந்தது. ஏரியைக் கரையில் நின்று ரசித்ததைவிடப் படகில் உட்கார்ந்து புட்டியில் மொண்டு பார்த்ததே எனக்கு அதிகம். ஆகவே என் பதில் தண்ணீர்ப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே தோட்டம் இருந்தது மெய்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன். முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் சேர்ந்து 1921இல் உருவாக்கிய ரப்பர்த் தோட்டம் அது. தாங்கள் கண்ட போரை நினைத்தே அதற்குப் பிராங் பெசார் என்று பெயர் வைத்தார்கள்; மலாய் மொழியில் பெரும்போர் என்று பொருள். ஏறத்தாழ 800 ஏக்கரில் தொடங்கிய தோட்டம், அக்கம்பக்கத்துத் தோட்டங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு 8,000 ஏக்கர் அளவுக்கு விரிந்தது. பின்னாளில் கோல்டன் ஹோப் என்ற தோட்ட நிறுவனத்தின் கைக்கு வந்தது. இன்று அமைச்சுக் கட்டடங்கள் நிற்கும் மேடுகளில் அன்று விடியுமுன்னே பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொரு நிரையைப் பிரித்துக் கொடுத்து, வெயில் ஏறுமுன் பால் வெட்டி முடித்துவிடுவார்கள்.

இந்தத் தோட்டத்தை வெறும் பால்மரக் காடு என்று நினைத்துவிடக் கூடாது. ரப்பர் போட்டவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அவர்களிடம் பிபி 86, பிபி 217, பிபி 260 என்று சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். அந்தப் பிபி என்பது பிராங் பெசாரின் முதலெழுத்துகள்தாம். எந்த மரம் எவ்வளவு பால் கொடுக்கிறது என்று மரம் மரமாகக் கணக்கு வைத்து, மிகுதியாகக் கொடுத்த தாய்மரங்களின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டி, புதிய ரகங்களை உண்டாக்கிய ஆராய்ச்சிக்கூடமாகவும் அது இருந்தது. மலேசியாவிலும் தாய்லாந்திலும் மிகப் பெரும்பரப்பில் நடப்பட்டது ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகம்; அதன் பெற்றோரில் ஒன்று பிபி 86. அந்த மேட்டில் எழுதிவைத்த ஓர் எண் கடல் தாண்டிப் போய் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. புத்ராஜெயாவுக்குச் சுற்றுலா வருகிறவர்களிடம் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு மனக்குறை.

நெரிசலில் திணறிய கோலாலம்பூரிலிருந்து அரசாங்க அலுவலகங்களை வெளியே கொண்டுபோவது என்று மகாதீர் அரசாங்கம் முடிவெடுத்தபோது, 1993இல் தேர்ந்த இடம் இது. தலைநகரிலிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர். சிப்பாங்கில் அப்போது வரவிருந்த அனைத்துலக விமான நிலையத்துக்கும் பக்கம். 1995இல் கட்டுமானம் தொடங்கியது, 1999இல் பிரதமர் அலுவலகம் இடம் மாறியது, 2001 பிப்ரவரி 1ஆம் தேதி சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசம் ஆயிற்று. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயரே ஊருக்கு வந்தது. மொத்தப் பரப்பு 49 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 109,202. பெயர்தான் பெரிது, அளவில் அது சிறிய ஊர்.

இந்த இடத்தைத் தேர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், அங்கே ஏற்கனவே வாழும் சமூகங்களுக்குப் பாதிப்பு குறைவு என்பதும் ஒன்று. நகரத் திட்டம் போடுகிறவரின் வரைபடத்தில் தோட்டம் என்பது ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான பெரிய பச்சைக் கட்டம். லயத்து வீடுகள் அதில் புள்ளியாகக்கூடத் தெரியாது. பிராங் பெசார், கேலவே, செட்ஜலி, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களிலிருந்தும் 400க்கு நெருக்கமான குடும்பங்கள் 1990களின் பிற்பகுதியில் வெளியேறின. அவர்களுக்கு எங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா என்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கொடுக்கப்பட்டன. தரைவீடு வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை பல ஆண்டுகளாகத் தமிழ் நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தது. நாலாவது மாடியில் மாடு கட்ட முடியாது, முருங்கை நட முடியாது, சாமி ஊர்வலம் படியேறி வராது. லயத்திலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இவையெல்லாம் சின்ன விஷயங்கள் அல்ல. அந்தத் தலைமுறையின் பிள்ளைகளில் சிலர் இன்று காலையில் மோட்டார் சைக்கிளில் அதே மேடுகளுக்கு அலுவலக உதவியாளராகவும் பாதுகாவலராகவும் வேலைக்குப் போகிறார்கள்.

ஏரி இயற்கையானது அல்ல. சுவாவ், பீசா என்ற இரண்டு சிற்றாறுகள் இந்த மேடுகளுக்கிடையே ஓடி லங்காட்டில் சேர்ந்துகொண்டிருந்தன. கீழ்ப்புறத்தில் அணை கட்டி அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீரை நிறுத்தினார்கள். ஏரியின் பரப்பு சுமார் 400 ஹெக்டர், ஆழம் 3 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை. படங்களில் நீங்கள் பார்க்கும் ரோஜா நிறப் பள்ளிவாசல், ஈரானில் இஸ்ஃபஹான் நகரத்தின் காஜூ பாலத்தைப் பார்த்துக் கட்டிய புத்ரா பாலம், கம்பிகள் இழுத்துப் பிடித்த ஸ்ரீ வாவாசான் பாலம் எல்லாம் இந்தத் தண்ணீரின் கரையிலோ தண்ணீருக்கு மேலோதான் நிற்கின்றன. அவற்றைப் பற்றிச் சுற்றுலா ஏடுகளில் நிறைய வந்திருக்கிறது, நான் விட்டுவிடுகிறேன்.

ஏடுகள் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியை நிரப்புவதற்கு முன்பே, அதற்கு மேற்புறத்தில் ஒரு சதுப்புநிலத்தை உண்டாக்கினார்கள். 1997 மார்ச்சில் தொடங்கி 1998 ஆகஸ்டில் முடிந்த அந்த வேலை 200 ஹெக்டர் அளவுக்கு நடந்தது. அதில் 24 பாத்திகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நெல்வயல் பாத்தி போலத்தான், ஆனால் ஒவ்வொன்றும் பெரியது, ஒன்றுக்கொன்று படியிறக்கமாக அமைந்தது, இடையில் தடுப்பணை வைத்தது. அவற்றில் கோரையும் நாணலும் சம்பும் இன்னும் பலவுமாக 70க்கு மேற்பட்ட வகைகளில் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் செடிகளை நட்டார்கள். இது ஏன் தேவைப்பட்டது என்றால், இந்த ஆறுகள் ஏரிக்கு வருமுன்னே பல்கலைக்கழகங்களையும், கோல்ஃப் மைதானங்களையும், வீடமைப்புப் பகுதிகளையும், எங்காவது மண் வெட்டிக்கொண்டிருக்கும் கட்டுமான இடங்களையும் கடந்து வருகின்றன. புல்லுக்குப் போட்ட உரம், சமையலறைக் கழிவு, கரைந்த செம்மண் எல்லாம் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீரை நேரே ஓர் அணைக்குப் பின்னால் தேக்கினால், இந்த வெயிலுக்குச் சில மாதங்களிலேயே பாசி பூத்து, பச்சைக் கூழாகி, நாற்றமெடுக்கும். ஏரிக்கரை வீடு என்ற பேச்சே பிறகு எடுபடாது.

பாத்தி செய்யும் வேலை இதுதான். வேகமாக வரும் தண்ணீர் செடிக்கூட்டத்துக்குள் நுழைந்ததும் தளர்ந்துவிடுகிறது. தளர்ந்தால் மண் அடியில் படிகிறது. வேர்களிலும் தண்டுகளிலும் ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. உரச்சத்தைச் செடி எடுத்துக்கொள்கிறது. மேல் பாத்தியில் பாதி, அடுத்ததில் மீதியில் பாதி என்று குறைந்துகொண்டே வந்து, கடைசியில் நடுச் சதுப்புநிலத்தைத் தாண்டி ஏரிக்குள் விழும்போது தண்ணீர் வேறாகிவிடுகிறது. ஏரிக்கு வரும் தண்ணீரில் சுமார் 60 விழுக்காடு இப்படி வடிகட்டப்பட்டு வருகிறது. மீதி ஏரிக்கரையை ஒட்டிய நிலப்பகுதிகளிலிருந்து நேரே இறங்குகிறது. ஆகவே அந்த வழியில் குப்பை பிடிக்கும் தொட்டிகள் வைத்து, கரையோரத்தில் புல்வெளிப் பட்டை விட்டிருக்கிறார்கள். அவ்வளவு செய்தும் கரையோரக் கடைக்காரர் ஒருவர் எண்ணெய்ச் சட்டியை வடிகாலில் கவிழ்த்தால் அது ஏரிக்குத்தான் போகும்.

நான் பார்த்த ஒரு மாலையைச் சொல்கிறேன். நாலு மணிக்குக் கொட்டிய மழை ஐந்தரைக்கு ஓய்ந்திருந்தது. மேல் பாத்தியின் நுழைவாயிலில் புட்டியை முக்கினேன். தண்ணீர் அசல் தே தாரிக், அதாவது பால் தேநீர் நிறம், மேலே நுரைகூட இருந்தது. கையோடு கொண்டுபோன கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினால், ஒரு சாண் ஆழத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டது. இதைச் செக்கி தட்டு என்போம். எவ்வளவு ஆழம்வரை கண்ணுக்குத் தெரிகிறதோ அவ்வளவு தெளிவு என்று கணக்கு. பிறகு படகை எடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாகக் கீழே வந்தோம். கடைசித் தடுப்பணைக்கு அப்பால் அதே தட்டு என் இடுப்பளவு கயிறு இறங்கும்வரை தெரிந்தது. புட்டியில் பிடித்தால் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர் நிறம், தூளில்லாமல். நாணலுக்குள்ளிருந்து ஒரு செந்நாரை எழுந்து போயிற்று. என்னோடு வந்த இளைஞர், இதையெல்லாம் மெஷின் வைத்துச் செய்கிறார்களா என்று கேட்டார். மெஷின் எதுவும் இல்லை. ஆனால் ஆள் வேண்டும். செடி முற்றினால் அறுக்க வேண்டும், செத்த இடத்தில் மறுநடவு செய்ய வேண்டும், ஆகாயத்தாமரையும் தொட்டாற்சுருங்கி வகைக் களைகளும் பரவுமுன் பிடுங்க வேண்டும், பாத்தியின் நீர்மட்டத்தை ஏற்றி இறக்க வேண்டும், படிந்த மண்ணை அள்ள வேண்டும். கவனித்துப் பாருங்கள், களைவெட்டு, மறுநடவு, வடிகால் வெட்டு என்று தோட்டத்தில் நம் முன்னோர் செய்த அதே வேலைகள். இன்று அவற்றைச் செய்பவர்களில் நான் பார்த்த பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள்.

இந்த ஒப்புமை தண்ணீரோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பல ஆண்டுகளாகத் தோன்றிவரும் எண்ணம். புத்ராஜெயா இன்னும் ஒரு தோட்டமாகத்தான் நடக்கிறது. நிலம் முழுவதும் ஒரே திட்டத்தின்கீழ் பிரிக்கப்பட்டது. தோட்டத்தில் டிவிசன் என்போமே, அதுபோல் இங்கே பிரிசிண்ட் 1 தொடங்கி எண்ணிட்ட பிரிவுகள். ஊரை நடத்துவது புத்ராஜெயா கழகம் என்ற ஒரே அமைப்பு. சாலை விளக்கிலிருந்து ஏரியின் நீர்மட்டம்வரை அதன் பொறுப்பு. மலேசியாவில் எங்குமே ஊராட்சித் தேர்தல் இல்லை என்றாலும், மற்ற ஊர்களில் சட்டமன்ற உறுப்பினராவது இருப்பார். கூட்டரசுப் பிரதேசம் ஆனதால் இங்கே அதுவும் இல்லை, ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மட்டும்தான். இதனால் வந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. ஒரே கையில் இருப்பதால்தான் ஏரிக்கரை முழுவதையும் தனியார் பங்களாக்கள் விழுங்கிவிடாமல், யார் வேண்டுமானாலும் நடக்கும் பாதையாக விட்டு வைக்க முடிந்தது. வேறு பல இடங்களில் ஏரி என்றால் வாயிலில் காவலாளி நிற்பார், உள்ளே யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்பார். இங்கே உங்கள் மகளும் நடக்கலாம், தாமான் பெர்மாத்தாவிலிருந்து வரும் பையனும் தூண்டில் போட அனுமதித்த இடத்தில் போய் உட்காரலாம்.

ஒப்புமையின் இன்னொரு பக்கம் வீடு. புத்ராஜெயாவில் குடியிருப்பவர்களில் பெரும்பங்கினர் அரசாங்க ஊழியர்கள்; அவர்களில் மிகப் பலர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். சம்பளத்தோடு வரும் வீட்டு அலவன்ஸை விட்டுக்கொடுத்துவிட்டு அந்த வீட்டில் இருப்பார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்தச் சட்டம் நமக்குப் புதிதா? லயத்து வீடும் வேலை இருக்கும்வரைதான். ஐம்பத்தைந்து வயதில் கத்தியைக் கீழே வைத்த மறுமாதம் சாமான்களை லாரியில் ஏற்றியவர்களின் பிள்ளைகள் நாம். படிப்பும் ஓய்வூதியமும் உள்ள அதிகாரி அந்த நாளை முன்கூட்டியே திட்டமிட்டு வேறிடத்தில் வீடு கட்டி வைத்திருப்பார் என்பது பெரிய வேறுபாடுதான்; ஆனால் அப்படித் திட்டமிடாமல் இருபத்தைந்து ஆண்டுகள் ஏரியைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டு, கடைசி ஆண்டில் அலைகிறவர்களையும் நான் அறிவேன். உங்கள் மகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி, பணக்காரர் ஊரா என்ற கேள்வி. 2022ஆம் ஆண்டின் குடும்ப வருமான ஆய்வில் புத்ராஜெயாவின் நடுநிலை மாத வருமானம் 10,056 ரிங்கிட். நாட்டு முழுமைக்கும் அது 6,338 ரிங்கிட். நடுநிலை என்றால், குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பம் எவ்வளவு பெறுகிறது என்பது. இரண்டு மூன்று கோடீஸ்வரர்களால் ஏறிப்போகிற எண் அல்ல. அந்த ஆய்வில் கோலாலம்பூருக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆனால் இங்கே உள்ளது பரம்பரைச் சொத்து அல்ல, மாதச் சம்பளம். கணவன் ஓர் அமைச்சில், மனைவி இன்னோர் இலாகாவில், இருவருக்கும் 25ஆம் தேதி வாக்கில் சம்பளம் என்ற அமைப்பு. வேலையில்லாதவனுக்கும் சில்லறை வியாபாரிக்கும் அங்கே வீடு கிடைப்பதே அரிது என்பதால் வறுமை கண்ணில் படாது. அது எல்லைக்கு வெளியே எங்கள் பக்கம் இருக்கிறது. ஆகவே தோரணையும் கோலாலம்பூர்ப் பணக்காரத் தாமான்களைப் போல இராது. வாசலில் நிற்பது உள்நாட்டுக் கார்தான். தொடக்கத்தில் கட்டிய வீடுகளுக்கு வேலியே வைக்கவில்லை, தோட்ட நகரம் என்ற எண்ணத்தில்; கிராமத்துக்காரர்களுக்கு அது பிடித்திருக்கும், நகரத்துக்காரர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

உங்கள் மகள் தனியாகத் தங்குவதானால், பாதுகாப்புப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்; தனிமை பற்றித்தான் கவலைப்பட வேண்டும். நடுவே ஓடும் பெருஞ்சாலை 4.2 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம். பகல் ஒரு மணிக்கு அதில் நடந்து ஒரு கடைக்குப் போய் வாருங்கள் என்று என் எதிரிக்குக்கூடச் சொல்ல மாட்டேன். வரைபடத்தில் அழகாக இருக்கும் தூரங்கள் காலுக்கு அழகாக இருப்பதில்லை. மதிய உணவு நேரத்தில் அலுவலகக் கட்டடங்களின் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டம் அலைமோதும். சனி ஞாயிறுகளில் அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும். ஆறு மணிக்குப் பிறகுதான் ஊருக்கு உயிர் வருகிறது. கரையோரப் பாதையில் ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், தண்ணீரில் படகு வலிக்கும் இளைஞர்கள் என்று அந்த இரண்டு மணி நேரத்தில் ஏரிக்கரையைப் பார்த்தால், இந்த நாட்டில் இப்படி ஒரு பொதுவிடம் இருக்கிறதா என்று மனம் நிறைந்துபோகும்.

நம்மவர்கள் அங்கே குறைவு; மக்களில் மிகப் பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் மிகச் சிறிய பங்கு, அவர்களும் பல பிரிசிண்டுகளில் சிதறியிருப்பதால் ஒரு தெருவில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் என்ற காட்சி இல்லை. கோயிலுக்குப் பிரிசிண்ட் 20இல் லலிதாம்பிகை ஆலயம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி புத்ராஜெயாவுக்குள் கிடையாது. பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குத்தான் அனுப்புவேன் என்கிறவர்கள் டிங்கில் பக்கமோ காஜாங் பக்கமோ அழைத்துப்போக வேண்டும், அதற்குக் காலையில் ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். ஆசிரியரான உங்களுக்கு அந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பூமாலைக்கும் வெற்றிலைக்கும் மளிகைக்கும் காஜாங், டிங்கில், செர்டாங் என்று வெளியேதான் வர வேண்டும். எல்லாம் காரில் கால்மணி, அரைமணி நேரம்தான். ஆனால் கார் வேண்டும்.

கார் இல்லாமலும் கோலாலம்பூருக்குப் போய்வரலாம். விமான நிலையத்துக்குப் போகும் விரைவு ரயிலுக்கு 2002 முதல் இங்கே ஒரு நிலையம் உண்டு. எம்ஆர்டி என்ற நகர ரயிலின் புத்ராஜெயா தடம் 2023 மார்ச் 16ஆம் தேதி முழுமையாகத் திறந்தது. அந்தத் தடத்தின் மறுமுனை எது தெரியுமா? குவாசா டாமான்சாரா, அதாவது சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்த நிலம். ஆர்ஆர்ஐஎம் என்று தொடங்கும் ரகங்களின் வீட்டிலிருந்து புறப்பட்டு, பிபி என்று தொடங்கும் ரகங்களின் வீட்டில் வந்து நிற்கிறது வண்டி. இதைத் திட்டமிட்டுச் செய்தவர் யாருமில்லை. இரண்டு இடத்திலும் மொத்தமாக வளைக்கத் தோதான நிலம் அதுதான், அவ்வளவே. ஒரு சங்கடம் மட்டும் உண்டு: நிலையம் ஊரின் ஓரத்தில் பிரிசிண்ட் 7இல் இருக்கிறது, அங்கிருந்து அலுவலகத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டும்.

வீட்டைப் பற்றி என் முடிவு இது. வேலை உறுதியாகும்வரை வாங்க வேண்டாம். அரசாங்க ஊழியர் ஓர் இலாகாவிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்படுவார். சபாவுக்கு மாற்றல் வந்தால் ஏரியைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. முதல் இரண்டு ஆண்டுகள் குவார்ட்டர்ஸுக்கு விண்ணப்பித்துவிட்டு, கிடைக்கும்வரை இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருக்கட்டும். பிறகு வாங்குவதானால், ஏரி தெரிகிறது என்பதற்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். மேற்குப் பார்த்த பால்கனியில் மாலை வெயில் தண்ணீரில் பட்டு வீட்டுக்குள் அடிப்பதை விற்பவர் சொல்ல மாட்டார். கரையிலிருந்து பத்து நிமிட நடையில், மரநிழல் உள்ள உள்தெருவில் இருப்பதே என் கண்ணுக்கு நல்ல வீடு.

ஒரு நாள் மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் வந்து பாருங்கள். காலையில் பிரிசிண்ட் 16இல் வேளாண் மரபுப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே பழமரங்களோடும் கொக்கோவோடும் பால்மரங்களும் நிற்கின்றன, பெயர்ப்பலகையோடு. ஒரு காலத்தில் அடிவானம்வரை அதுவே நின்ற நிலத்தில் இன்று அது காட்சிப்பொருள். உங்கள் மகள் பால் வெட்டைப் பார்த்திருக்க மாட்டாள். பட்டையில் சாய்வாகக் கோடு எப்படி இறங்கும், பால் வடியும் மங்கு எங்கே தொங்கும் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். மதியம் மழை வந்தால் நல்லது, ஓடிவிடாதீர்கள். மழை விட்டதும் பிரிசிண்ட் 13இல் சதுப்புநிலப் பூங்காவுக்குப் போய், பாலத்தின் மேல் நின்று தண்ணீர் என்ன நிறம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே வந்து ஏரிக்கரையில் பாருங்கள். பிறகு வண்டியைத் தெற்கே திருப்பினால், அணையைத் தாண்டி அதே தண்ணீர் லங்காட்டில் விழுந்து எங்கள் ஊர் வழியாகப் போகிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் லங்காட் பெருகி டிங்கிலின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. வீடுகளில் தண்ணீர் நின்ற மட்டம் சில சுவர்களில் இன்னும் கோடாகத் தெரியும், அதையும் காட்டுகிறேன். சாப்பாடு எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமையாக வாருங்கள், ஞாயிறன்று பாசாரில் நல்ல மீன் ஏழு மணிக்கே தீர்ந்துவிடுகிறது.